டிரிகர் கனக்கிற ரிவால்வரை என்ன செய்வது?

“மாமா, ஆறும் இடது பக்கம் கீழேயே போயிருக்கு.”

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் ஒட்டுக்கடை. அக்கா மகன் கைப்பேசியில் இலக்குத் தாளின் படத்தைக் காட்டினான். பணவண்டிக்குக் காவல் போகிறவன். சுடும் தேர்வில் கொஞ்சத்தில் தவறியிருக்கிறான். வலது கைக்காரன் சுட்டதெல்லாம் இடது கீழ் மூலையில் போய் விழுந்தால், அவன் டிரிகரோடு மல்லுக்கட்டுகிறான் என்று பொருள். தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

“டிரிகர் கல்லு மாதிரி இருக்கு மாமா. கூட வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர் சொல்றாரு, உள்ள ஒரு சின்னத் தகடு இருக்காம். அதை எடுத்துட்டா வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகுமாம்.”

நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த அண்ணன் சொன்ன தகடு, ரிவால்வர் கை தவறித் தரையில் விழுந்தால் வெடிக்காமல் காப்பதற்கென்றே வைத்தது. அதை எடுத்தால் டிரிகர் லேசாகாது. அது போனது மட்டும்தான் மிச்சம். இதே கேள்வியை இந்த இரண்டு வருஷத்தில் நாலைந்து பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்: காவலர்கள், சுடும் கிளப்புக்குப் போகிறவர்கள், தற்காப்புக்கு லைசென்ஸ் வைத்திருக்கிற ஒரு வியாபாரி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம் என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் துப்பாக்கி ரிப்பேர்காரன் இல்லை. போலீஸில் இருந்து ஓய்வு பெற்றபின் ஒரு காவல் நிறுவனத்தின் ஆயுத அறையைப் பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டவன். ரிப்பேர்காரர் கையில் கொடுத்து, திரும்ப வாங்கி, சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன். அந்த அளவுக்குத்தான் என் பேச்சு.

## முதலில் சட்டம், பிறகுதான் டிரிகர்

எங்கள் ஊருக்கும் கைத்துப்பாக்கிக்கும் உறவு பழசு. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாட்டில் அவசரகாலம், அதாவது கம்யூனிஸ்டு கெரில்லாக்களோடு நடந்த போர்க்காலம், பிறந்தது அதிலிருந்துதான். அதன்பின் துரை இடுப்பில் ரிவால்வர் இல்லாமல் மலைக்காட்டைச் சுற்றமாட்டார் என்று எங்கள் அப்பா தலைமுறை சொல்லும். 1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. ஆயுதச் சட்டமும் அதே ஆண்டுச் சட்டம்தான். 1971இல் வந்த சுடுகருவிகள் (கூடுதல் தண்டனை) சட்டம் இன்னும் கடுமை. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், மோட்டார் பட்டறை வைத்திருக்கிற நண்பன் கை சுத்தமானவன், அவனிடம் கொடுத்தால் அரை நாளில் மெருகேற்றித் தருவான் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கி அவன் மேசைமேல் கிடக்கிற அந்த அரை நாள், லைசென்ஸ் இல்லாத ஒருவன் கையில் ஆயுதம் இருக்கிறது. உங்களுக்கும் ஆபத்து, அவனுக்கும் ஆபத்து. துப்பாக்கியைப் பழுது பார்க்கத் தனி லைசென்ஸ் வேண்டும். நிறுவனத் துப்பாக்கியாக இருந்தால் காவலருக்கு அதைத் திறக்கவே உரிமை கிடையாது. கீழே நான் “செய்யலாம்” என்று சொல்கிற எல்லாவற்றையும், லைசென்ஸ் உள்ளவர் கையால், உங்கள் லைசென்ஸுக்கு உட்பட்டு, என்று சேர்த்தே படியுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

ரிவால்வர் டிரிகரை ஒருமுறை முழுக்க இழுக்கிறீர்கள். அந்த ஓர் இழுப்பில் மூன்று வேலை நடக்கிறது: தோட்டாக்கள் உட்காருகிற உருளையான சிலிண்டர் ஓர் அறை சுற்றுகிறது, சுற்றிய இடத்தில் பூட்டிக்கொள்கிறது, ஹேமர் என்கிற சுத்தியல் பின்னால் போய் விடுபட்டு, தோட்டாவின் அடியில் அடிபட்டதும் தீப்பற்றுகிற பிரைமரை அடிக்கிறது. இரண்டு ஸ்பிரிங்குகளை எதிர்த்துத்தான் உங்கள் விரல் இழுக்கிறது. ஒன்று, ஹேமரை ஓட்டுகிற பெரிய ஸ்பிரிங். இன்னொன்று, டிரிகரைத் திரும்ப முன்னால் தள்ளுகிற சின்ன ஸ்பிரிங். கடையில் இருந்து வருகிற ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .38ஐ இப்படி இழுக்க ஏறக்குறைய 12 பவுண்டு, அதாவது ஐந்தரைக் கிலோ விசை வேண்டும். ஹேமரைக் கட்டைவிரலால் முன்கூட்டியே பின்னால் இழுத்து வைத்துவிட்டால் 3, 4 பவுண்டு போதும்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கனம் வேறு, கரகரப்பு வேறு. கனம் ஸ்பிரிங்கில் இருந்து வருகிறது. கரகரப்பு, இரும்போடு இரும்பு உரசுகிற இடத்தில் இருந்து வருகிறது. அரிசி மூட்டையை வழவழப்பான சிமெண்டுத் தரையில் இழுப்பதற்கும் செம்மண் சாலையில் இழுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். மூட்டை அதேதான். “கனக்கிறது” என்று வந்து நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் தொந்தரவு செய்வது கரகரப்பு. அதற்கு ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டியதில்லை.

ஆகவே ஒவ்வொரு வழியையும் நான் இந்த நாலு கேள்வியில் போட்டுப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் வெடிக்குமா? விழுந்தால் வெடிக்காமல் இருக்குமா? பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா? பில்லில் வராத செலவு எவ்வளவு? டிரிகர் எவ்வளவு லேசாகும் என்பது ஐந்தாவது கேள்வி. முதல் நாலும் தேறினால்தான் அதைக் கேட்பேன்.

## வழி ஒன்று: திறந்து, கழுவி, எண்ணெய் போடுவது

கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் எனக்குத் தெரிந்து அதிக ரிவால்வர்களைக் குணமாக்கியது இதுதான்.

நம் ஊர் ஈரம் உங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் செம்பனைத் தோட்டத்துக்குள் போய் வந்தால் சட்டை பிழியலாம். துப்பாக்கியை வெளியே துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். உள் உறுப்புகளை மூடியிருக்கிற பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே வேறு கதை. ஒருமுறை ஒரு துப்பாக்கியைத் திறந்து பார்த்தபோது, உள்ளே எண்ணெய் கருப்பட்டிப் பாகு மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் சுருளாக வந்தது. அதற்கு முன்னால் அதை வைத்திருந்தவர் மனைவியின் தையல் மெஷின் எண்ணெயை உள்ளே ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். அதன்மேல் தூசி, அதன்மேல் மறுபடியும் எண்ணெய். தையல் எண்ணெய் மோசமான எண்ணெய் அல்ல. ஆனால் பழையதைக் கழுவாமல் மேலே மேலே விட்டால் எந்த எண்ணெயும் பசையாகிவிடும். அந்தத் துப்பாக்கியைக் கழுவித் துடைத்து, உரசுகிற ஆறேழு இடங்களில் ஊசி முனையில் எடுத்த ஒரு சொட்டு எண்ணெய் வைத்து மூடினார் ரிப்பேர்காரர். இழுத்துப் பார்த்தேன். வேறு துப்பாக்கி.

வெடிக்குமா? முன்னைவிட நன்றாக வெடிக்கும். பசை ஹேமரின் அடியைக்கூட மந்தமாக்கும். பாதுகாப்பு உறுப்பு எதையும் வெட்டவில்லை, தேய்க்கவில்லை. திரும்பக் கொண்டுவர வேண்டிய மாற்றமும் இல்லை.

பில்லில் வராத செலவு, திறக்கிற கைதான். பக்கத் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஓரம் வளைந்துவிடும். அதன்பின் அது என்றைக்கும் சரியாக உட்காராது. ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு, பிடியின் இரும்புப் பகுதியில் மரக் கைப்பிடியால் தட்டினால் அதிர்வில் தகடு தானாக எழுந்து வரும். அதுதான் முறை. ஸ்க்ரூக்களும் இடம் மாறக் கூடாது. சிலிண்டரைத் தாங்குகிற கையைப் பிடித்திருக்கிற முன் ஸ்க்ரூ அந்தந்தத் துப்பாக்கிக்கென்று பொருத்தியது.

இன்னொரு செலவு மூடும்போது வரும். அதைக் கீழே, அண்ணன் சொன்ன அந்தச் சின்னத் தகட்டைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

## வழி இரண்டு: விரலையும் பிடியையும் திருத்துவது

காசு கொடுத்து வாங்க முடியாத வழி என்பதால் யாரும் விரும்புவதில்லை.

காலித் துப்பாக்கியில் டிரிகரை இழுத்துப் பழகுவது. நீங்கள் நிற்கிற அறையிலேயே தோட்டா இருக்கக் கூடாது, சிலிண்டரை இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும், முனை பாதுகாப்பான திசையில். பிரைமர் இருக்கிற இடத்தில் மெத்தென்று இருக்கும் போலித் தோட்டாக்களைப் போட்டுப் பழகுவது நல்லது. பிரைமரைக் குத்துகிற ஊசியை ஹேமரிலேயே பொருத்தியிருக்கிற பழைய மாடல்களில் வெறும் அறையில் ஆயிரக்கணக்கில் அடித்தால் ஊசி முனை உடையலாம். .22 ரிவால்வரை வெறுமையாக அடிக்கவே கூடாது. அதன் ஊசி அறையின் விளிம்பில் போய் மோதும்.

இதில் ஓர் உபரி லாபம் உண்டு. ஆயிரம் தடவை இழுக்கும்போது உள்ளே உரசுகிற பகுதிகள் தாங்களாகவே ஒன்றுக்கொன்று பழகி வழவழப்பாகின்றன. எந்த ரிப்பேர்காரரும் சாணைக்கல்லால் செய்வதை நிதானமாக, தப்பு நடக்காமல், துப்பாக்கியே செய்துகொள்கிறது.

பிடியையும் பாருங்கள். கை சின்னது, பிடி தடித்தது என்றால் விரல் நுனிதான் டிரிகரை எட்டும். நுனியால் ஐந்தரைக் கிலோவை இழுத்துப் பாருங்கள். மெல்லிய பிடி போட்டு, விரலின் முதல் மடிப்பு டிரிகரில் உட்கார்ந்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். பிடி மாற்ற இரண்டு நிமிஷம். பிடிக்கவில்லை என்றால் பழையதைப் போட்டுக்கொள்ளலாம்.

காவலர்களுக்கு ஒரு தடை. துப்பாக்கி வீட்டுக்கு வராது, ஆயுத அறையில்தான் இருக்கும். மேலதிகாரி முன்னிலையில், வேலை நேரத்தில் பத்து நிமிஷம் என்று கேட்டு வாங்க வேண்டும். கேளுங்கள். கேட்டவருக்கு நான் மறுத்ததில்லை. கேட்டவர்தான் குறைவு.

## வழி மூன்று: லேசான ஸ்பிரிங் போடுவது

இதுதான் ஆசை காட்டுகிற வழி. பொட்டலத்தில் இரண்டு ஸ்பிரிங் வரும். மாற்ற அரை மணி நேரம். 12 பவுண்டு 9க்கு இறங்கும், சிலர் 8க்குக் கொண்டுவருவார்கள். இழுத்துப் பார்த்ததும் முகம் மலரும்.

ஆனால் அந்தப் பெரிய ஸ்பிரிங்கின் வேலை விரலைத் தொந்தரவு செய்வது அல்ல, பிரைமரை அடிப்பது. பிரைமர்கள் எல்லாம் ஒரே பதம் அல்ல. ஃபெடரல் கம்பெனி பிரைமர் மென்மையானது, லேசான அடிக்கே வெடிக்கும் என்று பெயர் எடுத்தது. அதைக் கணக்கில் வைத்துப் போட்டிக்காரர்கள் ஸ்பிரிங்கை இறக்குவார்கள். காவலருக்கு நிறுவனம் எந்தத் தோட்டாவைக் கொடுக்குமோ அதுதான். இந்த வருஷம் ஒரு கம்பெனி, அடுத்த வருஷம் வேறு. மென்மையான பிரைமரில் வெடித்த துப்பாக்கி, கெட்டியான பிரைமரில் “டிக்” என்று மட்டும் சொல்லும். கிளப்பில் அந்த “டிக்” ஒரு மதிப்பெண் நஷ்டம், அவ்வளவுதான். முனையைத் திடலின் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிஷம் பொறுத்திருந்து திறப்பீர்கள், பக்கத்தில் இருக்கிறவர் சிரிப்பார். பணவண்டியின் பக்கத்தில் அந்த “டிக்” எப்படிக் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சின்ன ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி இறக்கினால் வேறு சிக்கல். டிரிகர் மந்தமாகத் திரும்பும். பதற்றத்தில் அது முழுக்கத் திரும்புமுன் அடுத்ததை இழுத்தால், இழுப்பு வெற்றாகப் போகும். அந்த ஸ்பிரிங் தள்ளுகிற ‘திரும்பும் கட்டை’தான் டிரிகரை முன்னால் கொண்டுவருகிறது; அது இன்னொரு வேலையும் செய்கிறது. டிரிகர் முன்னால் வரும்போது ஹேமரைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஊசியைப் பிரைமரில் இருந்து விலக்கி வைக்கிறது. அதாவது அந்தச் சின்ன ஸ்பிரிங்கும் பாதுகாப்பு உறுப்புத்தான். இதைப் பலர் கவனிப்பதில்லை.

இன்னொரு குறுக்கு வழி: பிடியின் முன்பக்கம், அடியில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். பெரிய பட்டை ஸ்பிரிங்கை அழுத்தி வளைப்பது அதுதான். அதைக் கால் சுற்றுத் தளர்த்தினால் டிரிகர் உடனே லேசாகும். காசும் இல்லை, கழற்றலும் இல்லை. ஆனால் அந்த ஸ்க்ரூ முழுக்க முறுக்கியே இருக்க வேண்டியது. தளர்த்தினது சுடச் சுடத் தானாகவும் தளரும். காலையில் வெடித்த துப்பாக்கி சாயங்காலம் வெடிக்காது. ஒரு துப்பாக்கி திடீரென்று வெடிக்க மறுக்கிறது என்றால் நான் முதலில் பார்ப்பது இந்த ஸ்க்ரூவைத்தான். தளர்த்தினவர் யார் என்று கேட்டால் எல்லாரும் கூரையைப் பார்ப்பார்கள்.

பில்லில் வராத செலவு: ஸ்பிரிங் மாற்றினால், நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகிற தோட்டாவிலேயே இரண்டு பெட்டியாவது, 100 தோட்டா, டிரிகரை முழுக்க இழுத்துச் சுட்டுப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் தோட்டா கடைத்தெருவில் வாங்கும் சாமான் அல்ல. அளவுக் கட்டுப்பாடு, பதிவு எல்லாம் உண்டு. அந்த நூறு உங்கள் கணக்கில் இருந்து போகும். பழைய ஸ்பிரிங்கைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தால் பின்வாங்க முடியும், அது இந்த வழிக்கு ஒரு நல்ல மதிப்பெண்.

## வழி நாலு: உரசும் இடங்களை மெருகேற்றுவது

ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிட்டு, கரகரப்பை மட்டும் எடுப்பது. திரும்பும் கட்டையின் பக்கங்களும் அடியும், அது ஓடுகிற தடமும், ஹேமர் துப்பாக்கியின் உடற்சட்டத்தில் (ஃபிரேம்) உரசுகிற இடமும், கருவித் தழும்புகள் நிற்கிற மேடுகளும். மிக நைசான சாணைக்கல்லால் தேய்த்து, துடைத்து, சேர்த்து, இழுத்துப் பார்த்து, மறுபடி பிரித்து. நல்ல கை ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். தராசில் போட்டால் ஒன்றிரண்டு பவுண்டுதான் குறைந்திருக்கும். கையில் இழுத்தால் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும்.

ஏன் நல்ல கை வேண்டும் என்றால், இந்தப் பகுதிகளில் பலவற்றுக்கு மேல்தோல் மட்டும்தான் கெட்டி. உள்ளே இரும்பு மிருதுவாக இருக்கும், மேலே ஒரு மெல்லிய அடுக்கைச் சூட்டில் கடினமாக்கியிருப்பார்கள். பால்மரம் வெட்டினவர்களுக்கு இது புரியும். உளியைத் தீட்டித் தீட்டி நல்ல எஃகு தேய்ந்து போனால், அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் முனை நிற்காது. அதே கதை. முதல் வாரம் கண்ணாடி மாதிரி இழுக்கும், ஆறாவது மாதம் மெது இரும்பு அரைபட்டு முன்னைவிடக் கரகரக்கும். போன தோலைத் திரும்பப் போர்த்த முடியாது. உறுப்பையே மாற்ற வேண்டும், பழைய மாடல்களுக்கு உறுப்பு கிடைப்பதும் சுலபம் இல்லை.

அதிலும் ஓர் இடம் தொடவே கூடாத இடம்: ஹேமரை இழுத்து வைத்தால் அது டிரிகரில் தொங்கி நிற்கிற அந்த நுனிப் பல். ஒரு மயிரிழை கோணம் மாறினால், இழுத்து வைத்த ஹேமர் தட்டினாலே விழும். எங்கள் ரிப்பேர்காரர் ஒரு சீனப் பெரியவர், அந்தப் பல்லைக் காட்டி மலாயில் சொல்லுவார்: “ஜாஙான் உசேக்.” நோண்டாதே. வேறு விளக்கம் கிடையாது.

வெடிக்குமா என்ற கேள்வியில் இந்த வழி முழு மதிப்பெண் வாங்குகிறது, ஸ்பிரிங் மாறவில்லை. பாதுகாப்பு, செய்கிறவர் கையைப் பொறுத்தது. பின்வாங்க வழி இல்லை. துப்பாக்கி உங்களிடம் இல்லாத நாட்களும் செலவில் சேரும்.

## வழி அல்லாத வழி: அந்தத் தகட்டை எடுப்பது

இதை ஒரு வழியாக எண்ண எனக்கு மனமில்லை. ஆனால் கேள்வி இதிலிருந்துதான் தொடங்கியது.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரில் இது ஒரு மெல்லிய இரும்புப் பட்டை. கொண்டை ஊசியை நிமிர்த்தி, மேல்நுனியை மடக்கிவிட்ட மாதிரி இருக்கும். பக்கத் தகட்டில் அதற்கென்று ஒரு பள்ளம். டிரிகர் முன்னால் இருக்கும்போது பட்டை மேலே நின்று, ஹேமருக்கும் சட்டத்துக்கும் நடுவே குறுக்கே கிடக்கும். ஹேமர் எவ்வளவு அடி வாங்கினாலும் ஊசி பிரைமரைத் தொட முடியாது. டிரிகரை இழுக்கும்போது மட்டும் அது கீழே இறங்கி வழிவிடும்.

இந்த அமைப்பு வந்ததற்கு ஓர் உயிர் விலை. இரண்டாம் உலகப் போரில், 1944இல், அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் ஒரு ரிவால்வர் இரும்புத் தளத்தில் விழுந்து வெடித்து ஒரு மாலுமி செத்தார். அதற்கு முன்பும் ஒரு தடுப்பு இருந்தது. ஆனால் அது தன் சொந்த ஸ்பிரிங் பலத்தை நம்பி இயங்கியது. புதிய பட்டையைத் திரும்பும் கட்டையோடு கோத்துவிட்டார்கள். டிரிகர் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தே ஆக வேண்டும்.

இனி என் கதை. ஒருமுறை வேறு கிளையில் இருந்து எங்கள் ஆயுத அறைக்கு ஒரு .38 மாற்றலாகி வந்தது. தாள்கள் எல்லாம் சரி. வருஷச் சுத்தத்துக்குத் திறந்தபோது பெரியவர் பேசாமல் பக்கத் தகட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பள்ளம் இருந்தது. பள்ளத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. பட்டை இல்லை. யாரோ திருட்டுத்தனமாக லேசாக்கப் பார்த்து எடுத்தார்களா, அல்லது பிரித்தவர் திரும்பப் பொருத்தத் தெரியாமல் விட்டுவிட்டாரா, இன்றுவரை தெரியாது. இரண்டாவதுதான் இருக்கும் என்பது பெரியவரின் கணிப்பு. மூடும்போது அந்தப் பட்டை தொந்தரவு கொடுக்கும், நழுவிக்கொண்டே இருக்கும். அது இல்லாமலும் துப்பாக்கி அழகாக வேலை செய்யும். அதுதான் பயங்கரம். எத்தனை வருஷம் எத்தனை பேர் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வேன் படியில் ஏறி இறங்கினார்களோ.

வேறு பட்டை வாங்கிப் போட்டோம். போடுமுன்னும் போட்ட பின்னும் நானே டிரிகரை இழுத்துப் பார்த்தேன். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பட்டை ஹேமரைத் தொடாமல், தன் பள்ளத்தில் சும்மா ஏறி இறங்குகிறது. அதில் என்ன கனம் இருக்கும்? தகட்டை எடுத்தால் வெண்ணெய் என்று சொன்ன அண்ணன் துப்பாக்கியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்.

ரூகர் கம்பெனி ரிவால்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் கணக்கு தலைகீழ். குறுக்கே நின்று தடுக்கிற பட்டைக்குப் பதில், ஹேமரின் அடியை ஊசிக்குக் கொண்டுபோகிற பட்டை. 1973இல் இருந்து ஒவ்வொரு தடவையும் ஹேமரைக் கையால் இழுத்து வைத்துச் சுடுகிற (சிங்கிள் ஆக்‌ஷன்) ரிவால்வர்களில் அவர்கள் அதைப் போட்டார்கள். அதற்கு முந்தைய பழைய மாடல்காரர்கள் ஐந்து தோட்டா மட்டும் போட்டு ஹேமருக்கு நேரே காலி அறையை வைப்பார்கள். ரூகரில் அந்தப் பட்டை இல்லாவிட்டால் துப்பாக்கி வெடிக்கவே வெடிக்காது. அதனால் யாரும் எடுப்பதில்லை. ஆனால் வழவழப்புக்காக அதைத் தேய்த்து மெலிதாக்கினால் அடி குறைந்து “டிக்” வரும்.

பழைய கோல்ட் (Colt) கம்பெனி ரிவால்வர் வைத்திருப்பவர்கள் எதையும் தொடாதீர்கள். ஒரே வளைந்த ஸ்பிரிங் ஹேமரையும் டிரிகரையும் சேர்த்து ஓட்டுகிறது. இழுக்க இழுக்கக் கடைசியில் கனம் கூடுவது அதன் பிறவிக் குணம். ஒன்றைத் திருத்தப் போனால் மூன்று கெடும்.

## அப்படியானால் யார் எதை எடுப்பது

நிறுவனக் காவலராக இருந்தால், வழி ஒன்றும் இரண்டும். துப்பாக்கி எண்ணைக் குறித்து, “டிரிகர் கரகரக்கிறது, திறந்து சுத்தம் செய்து தரவும்” என்று எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். எழுதிக் கொடுத்தால் ஆயுத அறைக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். அது என் வேலையாக இருந்தபோது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் வேலை நடந்துவிடும். அதுவரைக்கும் சமாளிக்க ஹேமரைக் கட்டைவிரலால் இழுத்து வைத்துச் சுடலாம் என்று கிளம்பாதீர்கள். 3 பவுண்டு டிரிகரும் படபடக்கிற விரலும் சேரக் கூடாது.

தற்காப்புக்கு லைசென்ஸ் வைத்திருப்பவர், ஒன்றும் இரண்டும் போதவில்லை என்றால் நாலாவதுக்குப் போகலாம். தொழிற்சாலை ஸ்பிரிங் அப்படியே இருக்கட்டும் என்று வேலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கிளப்பில் தாளைச் சுடுகிறவர், தன் தோட்டா எதுவென்று தானே தீர்மானிக்கிறவர், மூன்றையும் நாலையும் சேர்த்துச் செய்துகொள்ளலாம். அந்தத் துப்பாக்கியை வேறு வேலைக்கு எடுத்துப் போகாதவரை எனக்கு மறுப்பு இல்லை. விரலில் மூட்டுவாதம் இருந்து இது எதுவுமே உதவவில்லை என்றால், துப்பாக்கியை மாற்றுவதைப் பற்றிப் பேசலாம். அது பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) நடக்கிற கதை, விண்ணப்பம், காத்திருப்பு. இங்கே வேண்டாம்.

வேலை முடிந்து துப்பாக்கி திரும்பி வந்ததும், அங்கேயே, கடைக்காரர் முன்னால், காலி என்று இரண்டு பேர் பார்த்த பிறகு இவற்றைப் பாருங்கள். கைவிளக்கை ஹேமருக்கும் சட்டத்துக்கும் நடுவே அடித்து டிரிகரை மெதுவாக இழுங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனாக இருந்தால், பட்டையின் தலை கீழே இறங்குவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். டிரிகரை விட்டால் மறுபடி மேலே வர வேண்டும். ஹேமரை இழுத்து வைத்துவிட்டு, டிரிகரைத் தொடாமல், கட்டைவிரலால் பின்னிருந்து முன்னால் அழுத்துங்கள். விழக் கூடாது. ஆறு அறைக்கும் தனித்தனியாக, நிதானமாக இழுத்து, ஹேமர் விழுமுன் சிலிண்டர் “க்ளிக்” என்று பூட்டிக்கொள்கிறதா என்று கேளுங்கள். ஐந்து அறை சரி, ஆறாவது கொஞ்சம் பிந்துகிறது என்றால் “பரவாயில்லை, பழகினால் சரியாகிவிடும்” என்பார்கள். ஆகாது. திருப்பிக் கொடுங்கள். கடைசியாக, டிரிகரை மெல்ல விடுங்கள், அது வழியில் எங்கேயும் தயங்கி நிற்கக் கூடாது.

அக்கா மகன் எழுதிக் கொடுத்தான். இரண்டு வாரம் கழித்து அதே ஒட்டுக்கடையில் பார்த்தேன். திறந்து பார்த்திருக்கிறார்கள். பட்டை அதன் இடத்தில் இருந்ததாம். முதல் வேலையாக அதைத்தான் கேட்டேன். உள்ளே பாகு காய்ந்திருந்ததாம். கழுவிக் கொடுத்துவிட்டார்கள், பிடியும் மெலிதானது போட்டிருக்கிறார்கள். மறுதேர்வு எழுதிவிட்டானாம். கைப்பேசியை எடுத்துத் தாளைக் காட்டினான். நாலு நடுவில், ஒன்று மேலே, ஒன்று அதே இடது கீழ் மூலையில்.

“அந்த ஒண்ணு நான்தான் மாமா” என்றான்.